நாபோத்தின் ஊர்க்காரர்கள்

கஃபர் தூத்,
12 மே 1964

அன்புத் தம்பிக்கு,

மடத்துக்கு எழுதும்போது அருட்தந்தை மெலேத்தியோஸ் என்றுதான் எழுத வேண்டும் என்று போன தடவை சொன்னாய். உறையின் மேல் அப்படியே எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்கு ஷாஹீன்தான். நெஞ்சுச்சளி குறைந்ததா? கடற்காற்று ஏறி வருகிற மலை அது, தலையை மூடிக்கொள். நான் கடவுள் புண்ணியத்தில் சுகம். கொடிகள் இலை விட்டுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் பங்குக்குரு கூரி நஸ்ரி பிரசங்கத்தில் யேசபேலை எடுத்துக்கொண்டார். "கண்ணுக்கு மை தீட்டி, தலையைச் சிங்காரிச்சு, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா அந்தப் பாதகி. இன்னிக்கும் நம்ம ஊர்ல ஒரு ஜன்னல்ல அந்தக் கண்ணு தெரியுது. புருஷன் இல்லாத வீட்ல சாராயம் காய்ச்சி, லாரிக்காரனோட சிரிச்சுப் பேசுற கண்ணு" என்றார். ஊரில் திராட்சைச் சாராயம் காய்ச்சும் விதவை நான் ஒருத்திதான். மை போடுகிறவளும் நான்தான். என் கண் எரிச்சலுக்கு அம்மா காலத்திலிருந்து போடுகிறேன் என்று அவருக்கே தெரியும். ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து போகவில்லை. கடைசி ஆசீர்வாதம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு ஏன் திடீரென்று யேசபேல் நினைவு வந்தாள் என்று கேள். அதற்கு முந்தின வாரம் ஊர்த்தலைவர் ஸல்லூம் வீட்டுக்கு வந்தார். "வர்தே, ஊற்றுக்குப் பக்கத்துத் தோட்டத்தை எனக்குக் கொடுத்துடும்மா. பெய்ரூட்லேர்ந்து கோடைக்கு வர்றவங்களுக்கு ஓட்டல் கட்டப்போறேன். அதுக்குப் பதிலா மேட்டுல இதைவிட நல்ல நிலமா தர்றேன்" என்றார். "எங்கப்பன் நட்ட கொடி தலைவரே. அதைக் கொடுக்காம இருக்க கர்த்தர் எனக்குப் புத்தி தரட்டும்" என்றேன். "புத்தி வர வைக்க வேற ஆளும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, வைத்த காபியைத் தொடாமல் போனார். கோயிலுக்குப் புது மணிக்கூண்டு கட்டித் தருவதாக அவர்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பூசையிலிருந்து வந்ததும் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். ராஜாக்கள் முதல் புத்தகம், இருபத்தொன்றாம் அதிகாரம். திராட்சத்தோட்டம் யேசபேலுடையதில்லையே, தம்பி. அது நாபோத்துடையது. ராஜா ஆகாப் கேட்கிறான், நாபோத் தரமாட்டேன் என்கிறான், அதற்காக ஆகாபின் மனைவி யேசபேல் அவனைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். நான் யாரென்று அந்த அதிகாரத்தைப் படித்த சிறுபிள்ளைக்கும் தெரியும். வேதம் படித்துக்கொடுக்கிறவன் நீ. ஒரு ஞாயிறு இங்கே வந்து பேசிவிட்டுப் போ.

மடாதிபதிக்கு என் வணக்கத்தைச் சொல். அப்பாவின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வை.

உன் அக்கா,
வர்தே

---

மலை மடம்,
27 மே 1964

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. என் சளி பரவாயில்லை. உன் கண் எரிச்சலுக்குப் பன்னீரில் நனைத்த துணி நல்லது என்று எங்கள் மருந்தறைச் சகோதரர் சொல்கிறார்.

உன் கடிதம் என் மனத்தை மிகவும் வருத்தியது. ஆனால் யேசபேல் என்ற சொல்லுக்காக நீ புண்பட வேண்டியதில்லை. அவள் சீதோன் ராஜாவின் மகள். சீதோன் எங்கே இருக்கிறது? பேருந்தில் போனால் கடற்கரையோரம் வருகிறது. அவள் நம் நாட்டுப் பெண், அக்கா. அவள் பெயர் முதலில் 'இளவரசன் எங்கே' என்று பொருள்பட்டதாகவும், அது அவர்கள் தெய்வத்தைத் தேடி அழும் வழிபாட்டுச் சொல் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். அவளை வெறுத்த எபிரெய எழுத்தர்கள் ஓர் உயிரெழுத்தை மட்டும் மாற்றி, எருவைக் குறிக்கும் சொல்லாக்கிவிட்டார்கள். நம் பேச்சிலும் ஸெபெல் என்றால் அதுதானே. ஒரு பெயர் எப்படி அழுக்காக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இதை மாணவர்களுக்கு நான் வகுப்பில் சொல்வதுண்டு.

கூரி நஸ்ரி வயதானவர்; எங்களைப் போலத் துறவியல்ல, மனைவியோடு வாழ்கிற ஊர்க்குரு. கோபத்தில் பேசியிருப்பார். பொறுமையாயிரு. பொறுமை என்பதற்கு மூலமொழியில் 'பாரத்தின் கீழ் நிலைத்து நிற்பது' என்று பொருள்.

உனக்காக ஜெபிக்கும்,
மெலேத்தியோஸ்

---

கஃபர் தூத்,
3 ஜூன் 1964

ஷாஹீன்,

நலம். நீயும் நலமாயிரு.

எரு என்று திட்டினால் எனக்கு என்ன? நான் கொடி வளர்க்கிறவள். கூடை கூடையாக ஆட்டெரு சுமந்து போட்டுத்தான் அந்தத் தோட்டம் நிற்கிறது. உன் எபிரெய எழுத்தர்கள் ஒருநாள்கூட மண்வெட்டி பிடித்ததில்லை போலிருக்கிறது.

நான் உன்னிடம் பெயருக்கு அர்த்தம் கேட்கவில்லை. வா என்று கேட்டேன்.

இங்கே நிலைமை வார்த்தையோடு நிற்கவில்லை. நேற்று பொது அடுப்பில் ரொட்டி சுடப் போனேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் மாவுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கசாப்புக்கடைக்காரன் மனைவி சத்தமாகவே சொன்னாள்: "நாயிங்க வராத இடமாப் பார்த்து வச்சுக்கங்கடி. யேசபேல் பொணத்தை நாயிங்கதான் தின்னுச்சாம், அவ இருக்கிற இடத்துக்கு நாயி வரும்னு கூரி சொன்னார்ல."

"வரும்டி. எலும்பு உன் வீட்லதானே இருக்கு, அங்கதான் வரும்" என்றேன். ஒரு கிழவி சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது முக்கியமானதைக் கேள். ஸல்லூம் ஜஹ்லே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். அப்பா சாவதற்கு முன்பே தோட்டத்தைத் தனக்கு விற்றுவிட்டதாகவும், பத்திரம் எழுதுவதற்குள் இறந்துவிட்டதாகவும் சொல்கிறார். இரண்டு சாட்சிகள்: அதே கசாப்புக்கடைக்காரன், டாக்ஸி ஓட்டும் அவன் மச்சான். அப்பா இறந்த அன்று அவர் வாயால் சொன்னதை நீ கேட்டாய். "கொடி வர்தேக்கு" என்றார். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நீ வந்து நீதிபதி முன்னால் அதை மட்டும் சொன்னால் போதும். விசாரணை செப்டம்பர் கடைசியில். இப்போதே சொல்லிவிட்டேன், நாள் போதவில்லை என்று பிறகு எழுதாதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

வர்தே

---

மலை மடம்,
2 ஜூலை 1964

அன்பான அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். தேர்வுத் தாள்கள் குவிந்திருந்தன. உன் உடல்நலத்துக்கு நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

நாபோத்துக்கு எதிராகப் பொய்சாட்சி சொன்ன இருவரை வேதம் 'பேலியாளின் மக்கள்' என்கிறது. பேலியாள் ஒரு பிசாசின் பெயர் என்று மக்கள் நினைக்கிறார்கள். பழைய பொருள் 'பயனற்றது' என்பதுதான். எனவே அந்தச் சாட்சிகள் பயனற்ற மனிதர்கள், அவ்வளவே. அவர்களுக்கு அஞ்ச வேண்டாம்.

நீதிமன்றம் பற்றி எழுதினாய். துறவி ஒருவர் உலக நீதிமன்றத்தில் நிற்க மடாதிபதியின் அனுமதி தேவை. அது எளிதல்ல. பார்க்கலாம்.

நம் ஊர்த்தலைவர் போன வாரம் மடத்துக்கு வந்திருந்தார். புதிய சிற்றாலயத்தின் பீடத்துக்குப் பளிங்குக்கல் தருகிறார். என் நலம் விசாரித்தார். உன்னைப் பற்றி மரியாதையாகவே பேசினார். சிற்றாலயப் பணி என் பொறுப்பில் இருப்பதால், இந்த ஆண்டு புனித எலியா திருவிழாவுக்கு ஊருக்கு வர இயலாது.

உன் தம்பி,
மெலேத்தியோஸ்

---

கஃபர் தூத்,
8 ஜூலை 1964

ஷாஹீன்,

பளிங்கு எந்த நிறம்?

அனுமதி தேவையென்றால் அனுமதி கேள். 'பார்க்கலாம்' என்பதற்கு மூலமொழியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பயனற்ற மனிதர்கள் இரண்டு பேரால் நாபோத் செத்தான். அதையும் உன் வகுப்பில் சொல்.

எலியா திருவிழாவில் எனக்கு நற்கருணை மறுக்கப்போவதாகக் கேள்வி. நான் கோயிலில் புனிதரைச் சபித்தேனாம். இதற்கும் அதே இரண்டு சாட்சிகள்.

வர்தே

---

மலை மடம்,
10 ஆகஸ்ட் 1964

அன்பான அக்கா,

சமாதானம். திருவிழாவில் உனக்கு நேர்ந்ததை வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். நீ வரிசையில் வந்து நின்றதும், கூரி பாத்திரத்தை மூடிக்கொண்டதும், நீ அங்கேயே நெடுநேரம் நின்றதும். அதை எழுதவே கை வரவில்லை. அன்று நீ சத்தம் போடாமல் திரும்பியது உன் பெருந்தன்மை.

மடாதிபதிக்கு உடல்நிலை சரியில்லை. அனுமதி இன்னும் வரவில்லை. வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே தம்பி என்ற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதே. வழக்கில் தோற்றால் உனக்கு ஒன்றும் மிஞ்சாது. தலைவர் மேட்டு நிலத்தைத் தரத் தயாராக இருக்கிறார். இதைவிட நல்ல தோட்டமாகவே அமையும். நீ தனியாள். ஊரோடு பகைத்துக்கொண்டு எப்படி வாழ்வாய்? சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்.

உன் நலம் ஒன்றையே நாடும்,
மெலேத்தியோஸ்

---

கஃபர் தூத்,
21 ஆகஸ்ட் 1964

ஷாஹீனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஜஹ்லே போயிருந்தேன். ஆற்றங்கரை மருத்துவமனை வாசலில் உன் மடாதிபதி காரிலிருந்து இறங்கினார். முழங்கால் வலிக்கு ஊசி போட வந்தாராம். நான் ஓடிப்போய் மோதிரத்தை முத்தமிட்டேன்.

"சாமி, என் தம்பிக்கு அந்த அனுமதியைக் கொடுத்துடுங்க. கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தானே" என்றேன்.

"யார் தம்பிம்மா?"

"மெலேத்தியோஸ் சாமி."

"என்ன கோர்ட்டு? எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலியே மகளே."

"ஜூலை மாசத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்காரே."

அவர் என்னையே பார்த்தார். "சொந்த அக்காவுக்குச் சாட்சி சொல்றதை நான் ஏம்மா தடுக்கப்போறேன்? கேட்டா அன்னிக்கே அனுப்பி வச்சிருப்பேன்" என்றார். கூட வந்த சகோதரர் குனிந்து தரையைப் பார்த்தார். எனக்கு அந்த நடைபாதையில் நிற்க வெட்கமாயிருந்தது. வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

நீ கேட்கவே இல்லை. மறுத்துவிடுவார் என்று பயந்து கேட்காமல் விடவில்லை. சரி என்று சொல்லிவிடுவார் என்று பயந்தாய்.

'இதைவிட நல்ல தோட்டம்' என்று எழுதினாயே, அது யார் வார்த்தை தெரியுமா? இரண்டாம் வசனம். ஆகாப் நாபோத்திடம் சொல்வது. நீ தினமும் கையில் வைத்திருக்கிற புத்தகம்தான், எடுத்துப் பார்.

இத்தனை நாள் அந்த அதிகாரத்தில் உனக்கு ஓர் இடம் தேடினேன். நீ ஆகாப் இல்லை. உனக்கு எந்த நிலமும் வேண்டாம். எலியாவும் இல்லை. 'நீ கொலைசெய்ததுமல்லாமல் எடுத்துக்கொள்ளவும் வந்தாயோ' என்று ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்கிற வாய் உனக்கு இல்லை. பேலியாளின் மகன்கூட இல்லை. பொய் சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும். பிறகு கண்டுபிடித்தேன். நாபோத்தின் பட்டணத்தில் குடியிருந்த மூப்பரும் பெரியோரும் என்று வருகிறதே, அவர்கள்தான். யேசபேலிடமிருந்து ராஜ முத்திரை போட்ட ஓலை வந்தது, அதில் சொன்னபடி சபை கூட்டினார்கள், நாபோத்தை நடுவில் உட்கார வைத்தார்கள். அவனைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்கள். அவன் கொடியில் பழம் தின்றவர்கள். அவர்களில் ஒருவனுக்கும் வேதத்தில் பெயர் இல்லை. பெயர் இருந்தால் அதற்கும் நீ அர்த்தம் சொல்வாய்.

திருவிழாவில் நான் சத்தம் போடாமல் திரும்பியது பெருந்தன்மையால் அல்ல. வாயைத் திறந்திருந்தால் அந்தக் கோயிலில் கல்மேல் கல் நின்றிருக்காது.

விசாரணை செப்டம்பர் 28, திங்கட்கிழமை, காலை. வருவதும் வராததும் உன் பாடு.

வர்தே

---

கஃபர் தூத்,
30 செப்டம்பர் 1964

ஷாஹீனுக்கு,

பதில் வரவில்லை. நீயும் வரவில்லை. ஆனாலும் அது உன் அப்பாவின் தோட்டம், நடந்ததைத் தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு. அதனால் எழுதுகிறேன்.

கசாப்புக்கடைக்காரன் முதலில் ஏறினான். சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தான். அவன் மச்சானும் அதையே, சொல் மாறாமல் ஒப்பித்தான். நீதிபதி என்னைப் பார்த்து, "உங்க பக்கம் சாட்சி யாரும்மா?" என்றார். கதவைப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. "யாரும் இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். கறுப்புத் துணியை நெற்றிவரை இழுத்து மூடியிருந்ததால் முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா?"

"ஹன்னே. கஃபர் தூத் கூரி நஸ்ரியோட பொண்டாட்டி."

ஸல்லூம் நாற்காலியில் பாதி எழுந்தார்.

"யார் சார்பா வந்திருக்கீங்க?"

"யார் சார்பாவும் இல்லீங்க. அவர் சாகும்போது அந்த அறையில இருந்தேன். இருந்தவங்கதானே சொல்லணும்."

உண்மைதான், தம்பி. அன்று பருப்புக் கஞ்சி கொண்டுவந்து கதவோரம் நின்றாள். எனக்கு அது நினைவிருந்தது. கூரியின் மனைவியிடம் போய் எப்படிக் கேட்பது என்று நானே அவளைக் கணக்கில் எடுக்கவில்லை. பெயரில்லாதவர்களோடு அவளையும் சேர்த்துவிட்டேன்.

"என்ன கேட்டீங்க?" என்றார் நீதிபதி.

"'பையன் கர்த்தருக்குப் போயிட்டான், கொடி வர்தேக்கு. ஸல்லூம் வந்து கேட்டான், முடியாதுன்னு அனுப்பிட்டேன்'னு சொன்னார். அப்புறம் தண்ணி கேட்டார்."

"வேற யார் இருந்தாங்க?"

"இவங்க தம்பி இருந்தார். அவர்தான் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோயிலில் அன்று பார்த்தபோதுகூட எனக்கு முகம் அப்படிச் சுடவில்லை.

ஸல்லூமின் வக்கீல் எழுந்தார். "நீங்க இங்க வந்தது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"இப்ப தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஹன்னே.

நீதிபதியே வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கசாப்புக்கடைக்காரனை மறுபடி கூப்பிட்டு, பொய்ச்சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று சொன்னார். அவனுக்கு உடனே மறதி வந்துவிட்டது. மச்சானுக்கும் வந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினோம். "ஏன் ஹன்னே?" என்று கேட்டேன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பிரசங்கத்தை எனக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டுவார். யேசபேலையும் படிச்சுக் காட்டினார். நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள். ஊருக்கு வந்தபோது அவள் துணிப்பெட்டி வீட்டு வாசலில் கிடந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் தட்டவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். இப்போது என் வீட்டில் இருக்கிறாள்.

அறுப்பு தொடங்கிவிட்டது. ஆள் வராது என்று நினைத்தேன். பொது அடுப்பில் அன்று சிரித்தாளே, அந்தக் கிழவி கூடையோடு வந்தாள்.

வர்தே

---

மலை மடம்,
25 அக்டோபர் 1964

மிகவும் அன்பான அக்காவுக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். நீதி வென்றதைக் கேட்டு ஆனந்தக்கண்ணீர் விட்டேன். உன் உடல் நலம்தானே? அறுப்பு வேலையில் முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. நாபோத் என்ற பெயருக்கு 'முளை' என்று பொருள் உண்டு, தெரியுமா? வெட்டினாலும் துளிர்ப்பது. உனக்கு எவ்வளவு பொருத்தம்.

ஒரு நல்ல செய்தி. நடந்தவை ஆயரின் காதுக்கு எட்டி, கூரி நஸ்ரியை ஓய்வில் போகச் சொல்லிவிட்டார். கஃபர் தூத் மக்களைச் சமாதானப்படுத்த அந்த ஊர் மைந்தன் ஒருவரே பங்குக்குருவாக வர வேண்டும் என்று என்னை நியமித்திருக்கிறார். டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறேன். குருவின் வீடு காலியாகும்வரை நம் வீட்டு மாடி அறையில் தங்கலாமா? பழையபடி நீ வைக்கும் பருப்புக் கஞ்சியைக் குடிக்க ஆசையாயிருக்கிறது.

நடந்தவற்றை நாம் இருவரும் மறந்துவிடுவோம்.

உன் தம்பி,
ஷாஹீன்

---

கஃபர் தூத்,
2 நவம்பர் 1964

அருட்தந்தை மெலேத்தியோஸ் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இருவரும் சுகம்.

மாடி அறை காலியில்லை. அதில் ஹன்னே இருக்கிறாள். அவளுக்கு அந்த ஜன்னல் பிடித்திருக்கிறது. குருவின் வீடு காலியாகும்வரை நீங்கள் ஊர்த்தலைவர் வீட்டில் தங்கலாம். இடம் நிறைய இருக்கிறது, உங்கள்மேல் அவருக்கு மரியாதையும் உண்டு.

நியமனத்தை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்கச் சொல்லி இங்கே நான்கு பேர் வந்தார்கள். ஜூனில் என்னைப் பார்த்து மாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். "அக்கா கோர்ட்டுல தனியா நின்னப்போ வராத ஆளு, எங்களுக்குக் குருவா?" என்றார்கள். "உங்களுக்கு இவர்தான் சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறந்துவிடுவோம் என்று எழுதியிருந்தீர்கள். எதை என்று எழுதவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்ன நீங்கள், இந்த ஒன்றை மட்டும் எப்படி அர்த்தமில்லாமல் விட்டீர்கள்?

டிசம்பரில் வாருங்கள். ஊர்க்காரர்கள் உங்கள் முன் மண்டியிட்டுப் பாவம் சொல்லத் தொடங்குமுன், நீங்கள் ஒருமுறை எங்கள் மாடி ஏற வேண்டும். ஹன்னேயின் முன் நின்று, உங்கள் பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். எபிரெயத்தில் வேண்டாம், நம் ஊர்ப் பேச்சில். அவள் தாராளமாகக் கேட்டுக்கொள்வாள். மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது.

என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கையோடு நீ என் வாசலில் வந்து நின்றால், நான் மன்னித்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.

வர்தே